உடையாத இடத்துக்கு றோட்டு

என் தங்கச்சியின் புருஷன் மீராமுகைதீனைக் கதிரையில் வைத்து நாலு பேர் தண்ணீருக்குள்ளால் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். திங்களும் வியாழனும் அவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற நாள். இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒரு நாள் தவறினாலே முகம் வீங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் கிடப்பார்.

கார்த்திகையில் அடித்த புயலுக்கு முன்னால் ஓட்டோ வாசலுக்கே வரும். புயல் மழையில் வாய்க்கால் பெருகி எங்கள் மருதயடி வீதியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. மதகு என்கிற சின்னப் பாலம் இருந்த இடத்தில் இப்போது பதினைந்து அடி அகலத்துக்குப் பள்ளம். முழங்காலுக்கு மேலே தண்ணீர், அடியில் சேறு. ஓட்டோ அந்தக் கரையில் நிற்கும். நாங்கள் பிளாஸ்டிக் கதிரைக்கு இரண்டு பக்கமும் கம்பு கட்டி, மச்சானை அதில் இருத்தி, நாலு ஆண்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு அந்தக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும்.

"மையித்தாப் போகக்குள்ள நாலு பேர் தூக்குறது வழமதான். நான் உசிரோட இரிக்கக்குள்ளயே பழகிக்கிறன்" என்று அவர் தன் பிணத்தை வைத்தே கதிரையிலிருந்து பகிடி விடுவார். தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

நான் ஸகியா. புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். ஏழு வருடமாக எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். இருக்கட்டும். வாயுள்ள நானே இப்படி ஏமாந்தேன் என்பதுதான் என்னைச் சுடுகிறது.

வீதியைச் சொல்லிவிடுகிறேன். சம்மாந்துறைப் பெரிய றோட்டிலிருந்து பிரிந்து வந்தால் முதலில் வருவது சீனிமுகம்மது ஹாஜியாரின் நெல் மில். அதைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் அந்த உடைப்பு. உடைப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், நாற்பத்திரண்டு வீடு. அதற்குப் பிறகு வயல். ஹாஜியாரின் லொறிகள் பெரிய றோட்டால் வந்து, நெல்லை இறக்கிவிட்டு, அதே வழியால் திரும்பிவிடும். உடைப்பு உடைந்து கிடந்தால் என்ன, மூடிக் கிடந்தால் என்ன, அந்த மனிதனுக்கு ஒரு நட்டமும் இல்லை.

மார்கழியில் பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர், கஜேந்தினி என்று பெயர், கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. வாகனத்துக்குள் இருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆட்களைத்தான் அதுவரைக்கும் கண்டிருந்தோம். இவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அளவு நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்து, தண்ணீருக்குள் இறங்கினாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. அவள் அளந்துகொண்டிருக்கும்போதே மச்சானின் கதிரை வந்தது. ஒதுங்கி வழி விட்டவள் அவர் அக்கரை ஏறும்வரைக்கும் அசையாமல் நின்றாள்.

"அக்கா, இதுக்குக் குழாய் வெச்சாச் சரிவராது. பெட்டி மதகுதான் வேணும். நான் அப்பிடித்தான் எழுதப்போறன்" என்றாள்.

"எழுதுங்க புள்ள. எழுதினது நடந்தாச் சரி" என்றேன்.

அவள் எழுதினாள். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே நடந்தது என்று இனித்தான் சொல்லப்போகிறேன். அதில் பாதி என்னுடையது.

எங்கள் சங்கக் கூட்டம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் கூடும். மஃரிபு பாங்கு சொல்வதற்குள் எல்லோரும் வீட்டில் நிற்க வேண்டும். வீட்டு வேலை முடித்து வந்து சேர, இடையில் மிஞ்சுவது ஒரு மணித்தியாலம். அதில் தேத்தண்ணி குடித்து, ஊர்க் கதை கதைத்து, சண்டை பிடித்து, சமாதானமாகி முடிய நேரம் போய்விடும். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பெண்கள் வந்து பாயில் குந்திய உடனேயே ஒரு வெற்றுத் தாளைச் சுற்றுக்கு விடுவேன். மேலே நாலு விரல் இடம் விட்டு, கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். என்ன தீர்மானித்தோம் என்பதை இஷா தொழுதுவிட்டு வீட்டில் இருந்து அந்த நாலு விரல் இடத்தில் நான் எழுதுவேன். ஏழு வருடமாக இப்படித்தான். தையல் மெஷின் வந்ததும், கழிவறை வந்ததும், தெரு விளக்கு வந்ததும் இப்படித்தான். ஒரு நாளாவது ஒரு சொல் பொய்யாக எழுதியிருப்பேனா? வல்லாஹி, இல்லை. அந்தத் திமிரில்தான் விழுந்தேன்.

தை மாதம் பிறந்து ஒரு கிழமை இருக்கும். ஹாஜியார் என் வாசலில் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஸகியா, நல்ல செய்தி. ஒங்கட றோட்டுக்குக் காசு வந்திட்டு. அவசர வேல எண்டபடியா டெண்டர் கிண்டர் இல்ல, ஊர்ச் சங்கத்துக்கே கொந்தராத்தக் குடுக்கலாமாம். மாதர் சங்கத்துக்கே வாங்கித் தாறன். வேலய நம்மட மருமகன் றிஸ்மி பாத்துக்குவான்."

ஊர்ச் சங்கத்தின் பெயரில் கொந்தராத்தை எடுத்து, வேலையை வேறொருவர் செய்வது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. சங்கத்திடம் கொங்கிறீட் குழைக்கும் மெஷினா இருக்கிறது? எங்கள் தலைவி ஸுஹைறா இந்த ஹாஜியாரின் மகள், றிஸ்மியின் மனைவி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கதிரையும் தண்ணீரும்தான் கண்ணுக்குள் நின்றன.

"தீர்மானம் ஒண்டு வேணும். நேத்துக் கூட்டம் வெச்சிருப்பியே, கையெழுத்து வாங்கின காயிதம் இரிக்குமே?" என்றார்.

"இரிக்கி ஹாஜியார். இன்னும் எழுதல்ல. இரிங்க, எழுதித் தாறன்."

"நீ எழுதினா அவங்கட பாஷைக்குச் சரிவராதுகா. கந்தோர்ல டைப் பண்ணுவாங்க. காயிதத்த மட்டும் தா."

கொடுத்தேன். என் கையால், முப்பத்தெட்டுக் கையெழுத்துள்ள வெற்றுத் தாளை, வாழைப்பழச் சீப்பை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். முதல் கையெழுத்து என் தங்கச்சி றுக்ஸானாவுடையது. மச்சானுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று அவள்தான் எப்போதும் முதலில் போட்டுவிட்டு ஓடுவாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கொந்தராத்து ஒப்பந்தம் கைச்சாத்திட வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கந்தோருக்கு நான் புது ஹபாயா உடுத்திக்கொண்டு போனேன். கந்தோர்ப் பெரியவரின் அறையில் ஹாஜியாரும் றிஸ்மியும் ஸுஹைறாவும் முதலே வந்து இருந்தார்கள். மூலையில் கஜேந்தினி. நான் சிரித்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் ஒப்பந்தத் தாள்கள் கோத்த கோவையை என் பக்கம் திருப்பி, "இதில ஒண்டு, இதில ஒண்டு, இதில ஒண்டு. கையெழுத்துப் போடுங்க" என்றார்.

எனக்கு வாசிக்காமல் கையெழுத்துப் போடத் தெரியாது. மற்றவர்களைத்தான் அப்படிப் போட வைத்திருக்கிறேன், நான் போட்டதில்லை. வாசித்தேன். வேலையின் பெயர் புயலால் சேதமடைந்த மருதயடி வீதி புனரமைப்பு. இடம், நெல் மில்லின் முன்வாயிலில் இருந்து பெரிய றோட்டுப் பக்கமாக நூற்றைம்பது மீற்றர். வேலை, கொங்கிறீட் இடல். தாளைப் புரட்டினேன். மதகைத் தேடினேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். மதகு எங்கேயும் இல்லை.

"சேர், றோட்டு ஒடஞ்சது இதில இல்ல. மில்லடியில ஒரு கல்லுக்கூட அசையல்ல. ஒடஞ்சது அங்கால."

"ஓம், முதல் மதிப்பீடு அங்கதான். பிறகு உங்கட சங்கம்தானே இடத்த மாத்தச் சொல்லித் தீர்மானம் அனுப்பினது?"

அவர் ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார். என்னுடைய தாள். நான் விட்ட நாலு விரல் இடத்துக்குள் எட்டு வரி நெருக்கி நெருக்கி அச்சடித்திருந்தது. உடைந்த மதகு சிலருக்கு மட்டுமே பயன்படுவதாலும், மில்லடிப் பகுதி பொதுமக்கள் அதிகம் பாவிக்கும் இடமாக இருப்பதாலும், வேலையை அங்கே மாற்றித் தரும்படி சங்கம் ஏகமனதாகக் கேட்டுக்கொள்கிறதாம். ஏகமனதாக! அதற்குக் கீழே முதல் கையெழுத்து, றுக்ஸானா.

எங்கள் பக்கத்தில் எங்கேயாவது புதுக் கொங்கிறீட் விழுந்தால் அடுத்த வெயிலுக்கே அதில் நெல் காயும். அது எல்லோரும் செய்வதுதான், நானும் பாதி றோட்டை மறித்து நெல் பரப்பி ஏச்சு வாங்கியவள்தான். ஆனால் நூற்றைம்பது மீற்றரை, மில் வாசலில், சர்க்கார் செலவில், புயல் நிவாரணக் காசில் ஒரு மனிதன் தன் நெல் காயப்போட வாங்குகிறான் என்றால், அந்த நெஞ்சு எதனால் செய்தது?

"ஹாஜியார், இது ஒங்கட நெல்லுக் காயிற களமா, எங்கட றோட்டா?"

"மெதுவாக் கதை. ஒரு நாளைக்கி மில்லுக்கு எத்தன லொறி வருது, எத்தன பேருக்குப் பொழப்பு? மதகக் கட்டி நாப்பது ஊட்டுக்கு என்ன காணப்போற? அத வாற வருசம் பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

"அல்லாஹ்ட பேர இதுக்குள்ள இழுக்காதிங்க! வாற வருசம் மட்டும் என்ட மச்சான் இரிக்கணுமே!"

ஸுஹைறா, "ராத்தா, கந்தோர்ல நிண்டு சத்தம் போடாதிங்க" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. கொஞ்சம்தான்.

பெரியவர் பேனையை மூடி வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் மேசை சுத்தமாக இருந்தால் போதும் என்கிற ஆள். "இஞ்ச பாருங்கம்மா. இன்டைக்கு ஒப்பந்தம் முடியல்லெண்டா இந்த மாதத்தோட காசு திரும்பிப் போயிரும். பிறகு மில்லடியும் இல்ல, மதகும் இல்ல. தீர்மானம் பொய்யெண்டு சொல்றீங்களா? கையெழுத்துப் பொய்யா?"

"கையெழுத்து உண்ம. எழுத்துப் பொய். வெறுந்தாளில வாங்கின கையெழுத்து சேர்."

"யாரு வாங்கின?"

அந்தக் கேள்விக்குத்தான் ஹாஜியார் காத்திருந்தார். சாய்ந்து இருந்து சிரித்தார். "சொல்லன். ஏழு வருசமா இப்பிடித்தான் வாங்கினண்டு சொல்லன். தையல் மெஷின் வந்த காயிதமும் இப்பிடித்தான், லைட்டு வந்த காயிதமும் இப்பிடித்தான். எல்லாத்தையும் கிளறுவாங்க, நீதான் மாட்டுப்படுவாய்."

உண்மைதான். அந்த அறையில் எனக்கு இரண்டு வழி இருந்தது. மூன்று கையெழுத்துப் போட்டால் செயலாளராகவே வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் ஏழு வருடத்து நல்ல பெயரை என் கையாலேயே குப்பையில் கொட்ட வேண்டும். அதுவும் மதகு வரும் என்ற உறுதி இல்லாமல்.

நான் கஜேந்தினியிடம் பேனை கேட்டேன். அவள் எழும்பி வந்து, பேனையோடு ஒரு வெள்ளைத் தாளும் தந்தாள். இந்தத் தடவை முதலில் எழுதினேன். முப்பத்தெட்டுக் கையெழுத்தும் வெற்றுத் தாளில் வாங்கப்பட்டவை. வாங்கியவள் செயலாளராகிய நான். மில்லடி வேலையை எங்கள் சங்கம் கேட்கவில்லை, கூட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. நாங்கள் கேட்டது உடைந்த மதகு. என்மேல் விசாரணை வைப்பதென்றால் வையுங்கள். எழுதி, இரண்டு தரம் வாசித்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவர் அதைப் படித்துவிட்டுக் கோவையை மூடினார். ஒப்பந்தம் நின்றது. படியால் இறங்கும்போது கஜேந்தினி பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, பழைய மதிப்பீட்ட இன்டைக்கே திரும்ப அனுப்பப் போறன். காசு நிக்குமோ போகுமோ எனக்குத் தெரியா. கடவுளேயெண்டு நிக்கட்டும்" என்றாள்.

நான் பெரிய காரியம் செய்த நினைப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. றுக்ஸானா கதவடியில் நின்றாள்.

"ராத்தா, நீ என்னத்துக்குக் கெடுத்த?"

"நான் கெடுத்தனா? ஒன்ட கையெழுத்த வெச்சே ஒன்ட மாப்பிளைட வழிய அடச்சானுகள்..."

"எனக்குத் தெரியும். ஹாஜியாரு நேத்து ஆள் அனுப்பிச் சொன்னாரு, ஒனக்குச் சொல்ல வேணாமெண்டாரு. மில்லடி வேல தொடங்கினா, மிச்சத்தில ரெண்டு லோட் கிறவல் போட்டு ஒடப்ப நிரப்பித் தாறண்டாரு. ரெண்டு லோட் ராத்தா! ஓட்டோ வாசலுக்கு வந்திரிக்கும்."

"முதல் மழைக்கே அள்ளிட்டுப் போயிருமேடி!"

"மழ வரக்குள்ள பாத்திருப்பன். எனக்குத் திங்கக்கிழம வருது. ஒனக்கு நியாயம் பெரிசு, எனக்குத் திங்களும் வியாழனும்தான் பெரிசு." அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

அல்லாஹ்வே, அந்த ஹாஜியாரின் மேல் எனக்கு வந்த ஆத்திரம்! கந்தோரில் வந்ததைவிட அதிகம். பொதுக் காசில் நூற்றைம்பது மீற்றரைத் தனக்கு எடுத்துக்கொண்டு, சாகக் கிடக்கிறவனுக்கு இரண்டு லோட் கிறவலைத் தர்மம் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொள்ளாதபடி செய்த நான் கெட்டவள், கொடுக்க இருந்தவன் நல்லவன். சனியும் ஞாயிறும் தங்கச்சி என்னோடு கதைக்கவில்லை. ஊரும் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மச்சானைக் கதிரையில் இருத்தியாயிற்று. தூக்க ஆள் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஆண்களென்று இருப்பவர்கள் ஒன்றில் ஹாஜியாரின் மில்லில் வேலை, அல்லது ஹாஜியாரின் வயலில் குத்தகை. ஒருவனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருவன் விடியவே மில்லுக்குப் போய்விட்டான். ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல், "ராத்தா, எனக்குப் புள்ளகுட்டி இரிக்கி, என்ன விட்டிருங்க" என்றான். பொய் சொன்னவர்களைவிட அவன் பரவாயில்லை.

எட்டாயிற்று. பத்து மணிக்கு மெஷினில் ஏறாவிட்டால் அந்த முறை வேறொருவருக்குப் போய்விடும். மச்சானின் கண் இமை இரண்டும் வீங்கிக் கிடந்தன. அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை.

நான் ஹபாயாவைத் தூக்கி இடுப்பில் சொருகினேன். ஒரு கம்பின் முன் நுனியைப் பிடித்தேன். றுக்ஸானா மறு கம்பைப் பிடித்தாள். பின்னால் இரண்டு பேர் வேண்டும். இடுப்புப் பிடித்தவனின் மனைவி ஆகிலா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவள், முற்றம் கூட்டிய தும்புத்தடியை எறிந்துவிட்டு வந்தாள். "அந்த மனிசன் படுக்கட்டும். நான் புடிக்கன்" என்றாள். மில்லுக்குப் போனவனின் மனைவி ஸம்றாவும் வந்தாள். இரண்டு பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள்.

தண்ணீருக்குள் இறங்கினோம். சேற்றில் கால் புதைந்தது. ஆண்கள் தோளில் வைப்பார்கள், எங்களுக்கு மார்பளவுக்குத்தான் தூக்க முடிந்தது. நடுவில் ஸம்றாவுக்குக் கால் வழுக்கி, கதிரை சரிந்து, மச்சான் "யா அல்லாஹ்" என்றார். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கரை ஏறினோம்.

மில் வாசலில் வேலையாட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸம்றாவின் புருஷனும் அதில் நின்றான். ஹாஜியார் அவர்களுக்கு முன்னால் வந்து நின்று சத்தம் போட்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! பொம்புளையள் அன்னிய ஆம்புளயத் தூக்கிக்கிட்டு றோட்டுல போறதா? ஊருல ஆம்புளயள் இல்லையா?"

"இருந்தா றோட்டு ஒடஞ்ச எடத்துல போட்டிருப்பாங்க ஹாஜியார்!" என்றேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறிங்க? போய்ப் புடிங்கடா!" என்று ஆட்களை விரட்டினார். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஸம்றாவின் புருஷன் கம்பைத் தொட்டான்.

"கைய எடு" என்றார் மச்சான். மூச்சு முட்டுகிற மனிதனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. அவன் எடுத்தான்.

ஓட்டோக்காரன் உடைப்படியிலேயே நின்று கதவைத் திறந்து பிடித்திருந்தான். எங்களுக்குக் கை அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. இறக்கலாம் என்று குனிந்தோம்.

"றுக்ஸானா, ஏலுமெண்டா இன்னங் கொஞ்சம் தூக்குங்க" என்றார் மச்சான். "ஓட்டோவப் பெரிய றோட்டுக்குப் போகச் சொல்லுங்க. மில்லடியால என்னக் கொண்டு போங்க. இதுதானே புயலுக்கு ஒடஞ்ச றோட்டெண்டு எழுதியிரிக்கி. ஒடஞ்ச றோட்டால ஓட்டோ போகாதே, தூக்கித்தானே போகணும்."

றுக்ஸானா என்னைப் பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள். "ராத்தா, தூக்கு" என்றாள்.

தூக்கினோம். ஹாஜியார் கேட்ட நூற்றைம்பது மீற்றரையும், ஒரு வெடிப்புக்கூட இல்லாத அந்த நல்ல றோட்டை, ஈர உடுப்போடு நாலு பெண்கள் நடந்து முடித்தோம். மில் மெஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து வழி விட்டார்கள். ஹாஜியாருக்கு நேரே வந்தபோது மச்சான் கதிரையை நிறுத்தச் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். மதகு வாற மட்டும் கெழமைக்கி ரெண்டு தரம் இதாலதான் வருவன்" என்றார்.

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அந்த மனிதனுக்கு அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.